வம்ச வரலாறும் ஞானஸ்நானப் புத்தகமும்



ஞானோபதேச வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி, "உன் தகப்பனார் பெயர் என்ன?" என்று கேட்டால் உடனே சொல்லும். "பாட்டனார் பெயர்?" என்றால் சற்று யோசித்துச் சொல்லும். "உன் பாட்டியைப் பெற்ற தாயார் பெயர்?" என்றால் விழிக்கும். வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் அநேகமாய்ப் பதில் கிடையாது. அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. ஜமீன்தார்களுக்கு வம்சாவளிச் சுவடி உண்டு. ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டும், களத்துமேட்டில் நெல் அடித்தும் பிழைத்த நம் முன்னோருக்கு என்ன உண்டு? இந்த வாரப் பாடம் இதைப் பற்றியது.

முன்னோர் பெயரைத் தேடுவது வேலையற்றவர்கள் செய்யும் காரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியானால் அர்ச். மத்தேயு தம் சுவிசேஷத்தை வேறுவிதமாய்த் தொடங்கியிருப்பார். ஆபிரகாம் முதல் சேசுநாதர் வரையில் பதினான்கு பதினான்கு தலைமுறையாக மூன்று கட்டுகளில் பெயர்களை அடுக்கிய பிறகுதான் அவர் கதைக்கே வருகிறார். பூசையில் அந்தப் பகுதி வாசிக்கப்படும்போது நம்மில் பலருக்குக் கொட்டாவி வருகிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசையை உற்றுக் கவனியுங்கள். யூத வழக்கப்படி ஆண்களின் பெயர்கள் மட்டும் வரவேண்டிய இடத்தில் தாமார், இராகாப், ரூத்து, ஊரியாவின் மனைவியாயிருந்தவள் என்று நான்கு ஸ்திரீகள் நுழைந்திருக்கிறார்கள். இராகாப் எரிக்கோ பட்டணத்து விலைமாது. ரூத்து மோவாப் நாட்டாள், பிழைக்க வந்த விதவை, பிறர் வயலில் கதிர் பொறுக்கியவள். வம்சப் பெருமை பேசுகிறவன் மறைக்க வேண்டிய பெயர்களையே சுவிசேஷகர் எடுத்து எழுதினார். அர்ச். லூக்காவோ பின்னோக்கி எழுதிக்கொண்டே போய் ஆதாமையும் தாண்டிச் சர்வேசுரனில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவ்வளவு தூரம் போனால் யாவரும் ஒரே குடும்பம்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் வேதாகமத்தில் உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஜனங்களின் கணக்கை எஸ்றா ஆகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காணலாம். அங்கே சில குருகுலத்துக் குடும்பத்தார் தங்கள் அட்டவணையைத் தேடினார்கள், அது அகப்படவில்லை. ஆகையால் குருத்துவத்துக்குப் புறம்பாக்கப்பட்டார்கள். பெயர் எழுதிய புத்தகம் ஒருவனுக்குக் கதவைத் திறக்கவும் கூடும், அடைக்கவும் கூடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நமக்கு அருகில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உண்டு. குடவோலைத் தேர்தலுக்காக உலகமே புகழும் கல்வெட்டுகள் அவை. அவற்றில் ஒரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய தகப்பன், மகன், சகோதரன், மாமன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவுமுறை ஒவ்வொன்றையும் சொல்லி அவர்களும் கூடாது என்று விலக்கியிருக்கிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பது ஊர்ப் பொதுப்பணத்தைக் காக்கும் காரியமாகவே அன்று கருதப்பட்டது. ஆனால் அந்தச் சபையில் இடம்பெற நிலமும் வேத சாஸ்திரப் படிப்பும் வேண்டும். நிலமில்லாதவனின் உறவுமுறையை அந்தக் கல் கேட்கவுமில்லை, எழுதவுமில்லை.

இக்காலத்தில் வம்ச வரலாற்றுக்கென்றே சங்கம் வைத்து நடத்துகிறவர்கள் உண்டு. நமக்குக் கிட்டிய உதாரணம் கொழும்பில் இருக்கிறது. ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்டார்கள். அவர்களுடைய கும்பினியில் வேலை செய்து அங்கேயே தங்கிவிட்டவர்களின் சந்ததியார் பறங்கியர் எனப்பட்டார்கள். அவர்கள் 1908ஆம் ஆண்டு டச்சு பர்கர் யூனியன் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அதற்கு முன்னின்று உழைத்தவர் ஆர். ஜி. அந்தோனிஸ் என்பவர், அரசாங்கப் பழஞ்சுவடிக் காப்பாளராயிருந்தவர். பழைய கோவில் புத்தகங்களும் ஒல்லாந்தரின் தோம்புகளும் அவர் கையாண்ட ஏடுகள். தோம்பு என்பது நிலத்துக்கும் குடும்பத்துக்கும் எழுதி வைத்த பேரேடு. ஊர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் பள்ளித் தோம்பு என்று ஒன்று வைத்து, ஊரார் பிறப்பையும் விவாகத்தையும் பதிந்து வந்தார்கள். பிற்காலத்தில் சொத்து வழக்குகளில் உறவை நிரூபிக்க அவை கைகொடுத்தன. இலங்கைத் தமிழர் பேச்சில் அந்தச் சொல் இன்றும் வழங்குகிறது.

ஒரு செய்தி நமக்கு முக்கியம். ஒல்லாந்தர் காலத்தில் நம் வேதம் அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. 2015ஆம் ஆண்டு கொழும்பில் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்ற சூசை வாஸ் சுவாமியார் மாறுவேடத்தில் ஊர் ஊராய்த் திரிந்து தேவதிரவிய அனுமானங்களை நிறைவேற்றியது அக்காலத்தில்தான். பிள்ளைக்குச் சொத்துரிமை நிலைக்க வேண்டுமே என்று எத்தனையோ கத்தோலிக்கர் ஒல்லாந்தருடைய புத்தகத்தில் தங்கள் பெயரைப் பதிந்துவிட்டு, இரவில் குருவானவரைத் தேடிப் போனார்கள். ஆகையால் அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் அவர்கள் விசுவாசத்தின் சாட்சி ஆகாது. புத்தகம் உள்ளதைச் சொல்லும், உள்ளம் வேறு.

யூனியனின் வேலையைச் சொல்கிறேன். 1908ஆம் ஆண்டிலேயே ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள். இதழுக்கு இதழ் ஒவ்வொரு குடும்பத்தின் வம்ச வரிசையும் வெளிவந்தது: முதலில் கப்பலேறி வந்தவர் இன்னார், எந்த ஊர், இங்கே யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார், அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற தேதி, விவாகத் தேதி என்று. இவற்றில் மிகப் பலவற்றைத் தொகுத்தவர் டி. வி. அல்தெண்டோர்ப் என்பவர். ஒருவர் தம் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முதல் ஏட்டில் எழுதியிருந்த பெயர்களைக் கொண்டுவருவார். இன்னொருவர் கல்லறைக் கல்லில் உள்ளதைப் பெயர்த்து எழுதி வருவார். வெறும் ஏடு புரட்டுவதோடு அவர்கள் நிற்கவுமில்லை. டிசம்பர் மாதத்தில் அர்ச். நிக்கொலாஸ் திருநாளையொட்டிப் பிள்ளைகளுக்கு விழா எடுப்பார்கள். வறிய குடும்பங்களுக்கும் முதியோருக்கும் உதவி செய்வார்கள். உறவு தெரிந்தால் உதவி வரும் என்பதை நம் ஊரிலும் பார்க்கிறோம். பங்காளி யார் என்று தெரியாத வீட்டில் சாவு விழுந்தால் பாடை தூக்கவும் ஆள் தேடவேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தச் சங்கத்தின் வாசலில் ஒரு காவற்காரன் நின்றான். தகப்பன் வழியில் ஒல்லாந்தக் கும்பினிக் காலத்து ஐரோப்பியரின் வம்சம் என்று காட்டினால்தான் உள்ளே இடம். தாய் பறங்கிக் குடும்பத்தவள், தகப்பன் தமிழன் அல்லது சிங்களவன் என்றால் இடமில்லை. முதலில் வந்த கப்பற்காரனும் சிப்பாயும் மணந்த பெண்களில் எத்தனையோ பேர் இந்த மண்ணில் பிறந்தவர்கள்; அவர்கள் இல்லாமல் அந்த வம்சமே இல்லை. இருந்தும் கணக்குக்கு ஆண் வழி மட்டுமே எடுத்தது. இது எனக்குப் பிடிக்கவில்லை. 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபின் அவர்களில் அநேகர் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறினார்கள். வெள்ளையருக்கே இடம் என்ற கொள்கை அந்நாட்டில் நிலவிய காலம் அது. அப்போது தாங்கள் ஐரோப்பிய வம்சத்தார் என்று காட்ட இதே வம்ச வரிசைகள் தேவைப்பட்டன. அன்போடு சேர்த்த பெயர்கள், தோலின் நிறத்தை நிறுக்கும் தராசில் போடப்பட்டன.

நம்மிடம் இந்தக் காவற்காரன் இல்லையா? இருக்கிறான். அவனுக்கு இங்கே சாதி என்று பெயர். வம்ச வரலாறு எழுதுகிறோம் என்று தொடங்கி, எந்தத் தெரு, எந்த வகையறா என்று பிரிப்பதில் முடிகிற புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். பெண் எடுக்கவும் கொடுக்கவும் சலித்துப் பார்ப்பதற்காகவே எழுதும் வம்சாவளியை எழுதாமலிருப்பது நல்லது. முடிவில்லாத வம்ச வரலாறுகளில் மனதைச் செலுத்த வேண்டாமென்று அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கும், அவற்றைப் பற்றிய வீண் வாதங்களை விலக்கும்படி தீத்துவுக்கும் எழுதியது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

இன்னொரு வகைத் தேடல் இருக்கிறது. அது நம் ஜில்லாவுக்கு மிக நெருங்கியது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ந் தேதி டுரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டம் அது. 1911 வரை அப்படிச் சென்றவர்கள் சென்னை, கல்கத்தா இரண்டு துறைமுகங்களிலிருந்தும் 1,52,184 பேர். அந்நாளைய செங்கல்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் ஏராளம். இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. கப்பலேறியவர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் அட்டவணையில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரையில் எழுதினார்கள். சாதி என்ற பத்தியில் பலருக்குக் கிறிஸ்தவன் என்று மட்டும் எழுதியிருக்கிறது. டர்பனில் அவர்களைக் கவனித்தவர் அமலோற்பவ மரியின் ஒப்லாத்தர் சபையைச் சேர்ந்த சபோன் சுவாமியார்.

தோட்ட முதலாளிக்கு ஆள் கணக்கு வேண்டுமென்று எழுதிய அட்டவணை அது, அன்பினால் எழுதியதல்ல. ஆயினும் அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் இன்று அதை வைத்துக்கொண்டுதான் தங்கள் ஊரைத் தேடுகிறார்கள். வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர், பாதி சிதைந்திருக்கும். அதைக் கையில் ஏந்தி ஒருவர் நம் கிராமத்தில் வந்து இறங்கி, "1880இல் இங்கிருந்து போன இன்னாருடைய வம்சம் நான், அவருடைய கூடப்பிறந்தவர்களின் வழியில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டால் நம்மில் யார் பதில் சொல்லுவது? அவர் பக்கத்தில் ஏடு இருக்கிறது. நம் பக்கத்தில் பாட்டிமாரின் ஞாபகம் இருக்கிறது. அதுவும் ஒவ்வொரு சாவோடும் குழிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்திலும் ஓர் ஏடு உண்டு. அதுதான் கோவில் புத்தகம்.

அது பிறந்த விதம் கேளுங்கள். ஐரோப்பாவில் அக்காலத்தில் சிலர் சாட்சியில்லாமல் இரகசியமாய் ஒரு பெண்ணை மணந்துகொண்டு, பிறகு அவளைக் கைவிட்டு, வேறொருத்தியை ஊரறிய மணந்தார்கள். முந்தினவளின் முறையீட்டுக்கு ஆதாரமில்லை. இந்த அக்கிரமத்தை நிறுத்தத் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு நவம்பரில் சட்டமிட்டது: விவாகம் பங்குக்குருவுக்கும் சாட்சிகளுக்கும் முன்பாக நடக்க வேண்டும், மணமக்கள், சாட்சிகள் பெயர்களும் நாளும் இடமும் புத்தகத்தில் எழுதவேண்டும். ஞானத்தாய் தகப்பன்மார் பெயரையும் பதியக் கட்டளையிட்டது. பிறகு 1614ஆம் ஆண்டு ஐந்தாம் சின்னப்பர் பாப்பானவர் வெளியிட்ட உரோமைச் சடங்குப் புத்தகம் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், விவாகம், மரணம், ஆத்துமக் கணக்கு என்று ஐந்து புத்தகங்களைக் குறித்தது. கைவிடப்பட்ட ஒரு ஸ்திரீயின் கண்ணீரில்தான் இந்தப் புத்தகம் தொடங்கியது என்று சொல்வேன். இப்போதுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் 535ஆம் பிரிவில் இவற்றைக் கவனமாய்க் காக்கும்படி சொல்கிறது.

நம் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவு எங்கும் கட்டாயமானது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்குமுன் பிறந்த ஒரு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் பெயரும், தகப்பன் பெயரும், தாய் பெயரும் சேர்ந்து எழுதப்பட்ட ஒரே இடம் பல ஊர்களில் கோவில் புத்தகமாகவே இருக்கும். தாய் பெயர் என்பதைக் கவனியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான். தாய் பெயர் எந்த இனிஷியலிலும் வராது. இரண்டு தலைமுறையில் அவள் மறைந்தே போவாள். கோவில் புத்தகத்தில் மட்டும் அவள் இருப்பாள்.

ஆனால் தேடத் தெரியவேண்டும். பழைய பதிவுகள் அநேகமாய் இலத்தீனில் இருக்கும். உங்கள் பூட்டனார் முடியப்பன் என்றால் புத்தகத்தில் ஸ்தேபானுஸ் என்று தேடுங்கள். இராயப்பன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், யாகப்பன் யாக்கோபுஸ், சூசை யோசேப்புஸ், சவரி சவேரியுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று என்பதும் உண்டு. ஒரே ஆண்டில் ஒரே ஊரில் மூன்று அந்தோனி இருந்தால் தாய் பெயரைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பத்தியை விட்டுவிடாதீர்கள். நம் ஜனங்கள் பெரும்பாலும் தாய்மாமனையோ அத்தையையோதான் நிறுத்தினார்கள். ஆகையால் உறவின் அடுத்த கிளை அந்தப் பத்தியில் ஒளிந்திருக்கும். நம் செங்கல்பட்டு மேற்றிராசனம் 2002ஆம் ஆண்டில்தான் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்தது. பங்குகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தவை. இங்கே இல்லாத பழைய பதிவு, தாய்ப் பங்கின் அலமாரியில் இருக்கலாம்.

இதில் விவாகத்துக்கடுத்த ஒரு பயனும் உண்டு. திருச்சபைச் சட்டம் 1091ன்படி பக்க வழியில் நான்காம் படி வரையில் இரத்த உறவு விவாகத்துக்குத் தடை. படி எண்ணும் விதம் எளிது. இருவருக்கும் பொதுவான முன்னோரை விட்டுவிட்டு, இரண்டு பக்கத்திலும் உள்ள ஆட்களை எண்ணுங்கள். மாமன் மகளும் அத்தை மகனும்: இந்தப் பக்கம் மகளும் மாமனும், அந்தப் பக்கம் மகனும் அத்தையும், ஆக நான்கு. தடை உண்டு, மேற்றிராணியாரிடம் விதிவிலக்குப் பெறவேண்டும். அக்காள் மகள் என்றால் மூன்றாம் படி. இன்னும் நெருக்கம், விதிவிலக்கும் இன்னும் அரிது. பெரியப்பா மகளைத் தங்கை என்றும் மாமன் மகளை முறைப்பெண் என்றும் நாம் பிரிக்கிறோம்; சட்டத்துக்கு இருவரும் ஒரே நான்காம் படி. முறைப்பெண் தானே, விதிவிலக்கு எதற்கு என்று பத்திரிகை அச்சடித்த பிறகு வந்து கேட்பவர்கள் இதை இரண்டுமுறை வாசிக்கவும். 1918 முதல் 1983 வரை இருந்த சட்டத்தில் தடை இன்னும் ஒரு தலைமுறை தூரம் எட்டியது. ஆகையால் அக்கால விவாகப் பதிவில் இரத்த உறவு விதிவிலக்கு என்று குறிப்பு இருந்தால், மணமக்களுக்குப் பொதுவான முன்னோர் உண்டென்று தெரிந்துகொள்ளலாம். வம்சத்தைத் தேடுகிறவனுக்கு அது பெரிய துப்பு.

எச்சரிக்கை ஒன்று. கோவில் புத்தகம் சந்தைப் பொருளல்ல. பிறர் வீட்டுப் பதிவில் என்ன இருக்கிறது என்று நோட்டமிட யாருக்கும் திறந்துகாட்ட மாட்டேன். தகப்பன் பெயரில்லாத பிள்ளையும் சர்வேசுரனுடைய பிள்ளையே. அந்தப் பதிவைக் கொண்டு ஊரில் வாய்க்கு அவல் போட இடங்கொடுக்கலாகாது. அமெரிக்காவில் 1894ஆம் ஆண்டு மோர்மன் சபையார் தொடங்கிய யூட்டா வம்ச வரலாற்றுச் சங்கம் உலகமெங்கும் பதிவுகளைப் படமெடுத்துச் சேர்த்து வந்தது. மரித்தவர்களுக்குத் தங்கள் முறைப்படி ஞானஸ்நானம் கொடுக்க அந்தப் பெயர்களைப் பயன்படுத்துவதால், கத்தோலிக்கப் பதிவுகளைக் கொடுக்க வேண்டாமென்று உரோமையிலிருந்து 2008ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தது. உழைப்பில் அவர்கள் நம்மை வெட்கப்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடியது. நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் மாதம். பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது "குடும்பத்து மரித்தோர்" என்று பொதுவாய் எழுதிவிடுகிறீர்கள். இம்முறை வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை எழுதட்டும். ஆயாவும் தாத்தாவும் சொல்லட்டும். பெயர், பிறந்த ஊர், தாய் தகப்பன், கொண்ட இடம், கொடுத்த இடம், பிழைக்கப் போன இடம், அடக்கம்பண்ணிய இடம். மருமகளாய் வந்தவளின் தாய்வீட்டையும் அதே நோட்டில் எழுதவேண்டும். சிறு வயதில் இறந்த பிள்ளைகளை விடாதீர்கள். வேறு மதத்தில் இருந்த முன்னோரையும், மனந்திரும்புவதற்கு முன்னிருந்த பெயரையும் எழுதுங்கள், அதில் வெட்கமில்லை. சாதிக்கு மட்டும் பத்தி போடவேண்டாம். ஞாயிறு பூசைக்குப்பின் நோட்டோடு வருகிற குடும்பத்தாருக்கு, அவர்கள் வீட்டுப் பதிவை நானே புத்தகத்தில் தேடிப் படித்துச் சொல்லுகிறேன். இரண்டு வீட்டு நோட்டில் ஒரே பாட்டி வந்தால் இரு வீட்டாரையும் சேர்த்து உட்காரவைக்கலாம். சங்கம் என்று பெயர் வைக்காவிட்டாலும் போகிறது.

தேடியும் பதிவு அகப்படவில்லை என்று சிலர் கண்கலங்கி நிற்பதுண்டு. கறையான் தின்ற ஏடும், மழை நனைத்த ஏடும், எழுத மறந்த குருவும் உண்டு. எஸ்றா காலத்துக் குடும்பத்தாரைப் போல அவர்கள் புறம்பே நிற்க வேண்டியதில்லை. 876ஆம் சட்டப்படி, பிறர் உரிமைக்குப் பங்கம் வராதவிடத்து, ஞானஸ்நானத்தை நிரூபிக்க நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் வார்த்தை போதும். வயது வந்தபின் ஞானஸ்நானம் பெற்றவரானால் அவருடைய சத்தியமே போதும். அப்படிப்பட்டவர்கள் தங்கள் ஞானத்தாயோ அன்று கூட நின்ற அத்தையோ உயிரோடிருந்தால், அவர்களைக் கைத்தாங்கலாகவாவது பங்கு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவரானால் சொல்லியனுப்புங்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.

உங்கள் பங்குக்குரு